‘எதிர்பார்க்கிறோம்’ என்று எழுதி ஓடரை இழந்த கதை

கடிதத்தின் கடைசி வரியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். விலை, தவணை, கடன், காசோலை என்று எழுதிவரும் இந்தப் பக்கத்தில் இங்கிலீஷ் பாடம் எதற்கு என்று சில வாசகர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். நானும் இங்கிலீஷ் படித்துக் கிழித்தவன் அல்லன். ஓ.எல். பரீட்சையில் அந்தப் பாடத்துக்கு எனக்குக் கிடைத்தது சாதாரண சித்தி. அதுவும் எப்படிக் கிடைத்ததென்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. ஆனால் ஒரேயொரு இங்கிலீஷ் சொல்லினால் ஒன்பது இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஓடர் ஒன்றை நான் இழந்திருக்கிறேன். 2005இல் ஒன்பது இலட்சம் என்றால் என்னவென்று அந்நாளில் கடை நடத்தியவர்களுக்குத் தெரியும். ஆகவே அந்தச் சொல்லைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது இலங்கையிலேயே அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது எமது அம்பாறை மாவட்டம். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை என்று கரையோரம் முழுவதும் வீடுகள் தரைமட்டமாயின. எனது ஹாட்வெயார் கடை பிரதான வீதியில் இருந்ததால் தப்பியது. கடற்கரைப் பக்கம் இருந்த ஸ்டோர் தப்பவில்லை. அதற்குள் இருந்த சீமெந்து மூடைகள் அத்தனையும் கல்லாகிவிட்டன. உயிர் மிஞ்சியதற்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு மீண்டும் கடையைத் திறந்தேன்.

2005 ஆரம்பத்தில் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் வாகனங்கள் கல்முனை வீதிகளில் வரிசை கட்டி நின்றன. தற்காலிகக் குடில்கள் அமைப்பதற்குத் தகரம் வேண்டும், மரம் வேண்டும், ஆணி வேண்டும். அதுவரை எங்கள் வியாபாரத்தில் எழுத்து என்பது துண்டுப் பில்லும் கடன் கொப்பியும்தான். இப்போது எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் கொட்டேஷன் கேட்டார்கள். பஸாரில் உள்ள எந்த முதலாளிக்கு அது வரும்? எல்லோரும் கொமியூனிகேஷன் கடைகளுக்கு ஓடினோம். அங்கே கம்பியூட்டருக்கு முன்னால் இருந்த தம்பிமார்தான் அன்றைய எமது மொழிபெயர்ப்பாளர்கள்.

ஒரு நிறுவனம் தகரத்துக்கு விலை கேட்டிருந்தது. நான் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அளவு, தடிப்பு, விலை, எத்தனை நாளில் இறக்கித் தருவேன் என்பதெல்லாம் சரியாகத்தான் இருந்தன. கடைசியில் மரியாதைக்கு ஒரு வரி: “உங்களது ஓடரை விரைவில் எதிர்பார்க்கிறோம்.” தம்பி அதைத் தட்டினார்: “வி ஆர் எக்ஸ்பெக்டிங் யுவர் ஓடர் சூன்.” நான் கையெழுத்து வைத்தேன், சீலும் குத்தினேன்.

பத்து நாளைக்குப் பிறகு அந்த அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஓடர்தான் என்று புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர், மூலையில் தலை குனிந்தபடி எங்களூர்த் தம்பி ஒருவர். கொள்வனவுப் பிரிவில் உதவியாளராக வேலை செய்தவர். எனது கடிதத்தின் கடைசி வரி சிவப்பு மையால் கோடிடப்பட்டிருந்தது.

“இந்த ஓடர் உங்களுக்குத்தான் கிடைக்குமென்று யார் உங்களுக்குச் சொன்னது?” என்பது முதல் கேள்வி.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரும் சொல்லவில்லை என்றேன். அப்படியென்றால் ஏன் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். வியாபாரி எதிர்பார்க்காமல் வேறு யார் எதிர்பார்ப்பது என்று நான் சொன்னதை மொழிபெயர்த்தபோது விஷயம் இன்னும் மோசமாகியது. பிறகுதான் புரிந்தது. அந்தத் தம்பியின் தாயார் எங்கள் தெருவைச் சேர்ந்தவர். விலைமனு பிரிப்பதற்கு முன்பே அவர் எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டார், அந்தத் தைரியத்தில்தான் நான் இப்படி எழுதியிருக்கிறேன் என்பது அவர்களின் சந்தேகம். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகாத பிள்ளை. வாப்பாவைக் கடல் கொண்டுபோன வீடு. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் ஐந்து பேர் இருந்தார்கள்.

நான் அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுச் சொன்னேன். நல்லவேளையாக அந்த மொழிபெயர்ப்பாளர் பொறுமையான மனிதர். தமிழில் இந்தச் சொல் ஒரு மரியாதை வார்த்தை, உறுதியைக் காட்டும் சொல் அல்ல என்று அவர் பத்து நிமிடமாக விளங்கப்படுத்தினார். தம்பியின் வேலை தப்பியது. எனது கொட்டேஷன் தப்பவில்லை. சந்தேகம் கோப்பில் எழுதப்பட்டாகிவிட்டது, இனி அதை எடுக்க முடியாது என்றார்கள். எல்லாரிலும் குறைந்த விலை என்னுடையதுதான் என்பது பிற்பாடு தெரியவந்தது. கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர்களும் தங்கள் மொழியில் எழுதியிருந்ததைத்தான் வாசித்தார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் மருதமுனையிலிருந்து ஓர் இளைஞர் கடைக்கு வந்திருந்தார். கைத்தறிச் சாரன்களை வெளிநாட்டுக் கடைகளுக்கு அனுப்ப முயற்சி செய்கிறார். அவரது கைபேசியில் ஓர் ஈமெயிலைக் காட்டி, “மாமா, இதுல கடைசி வரி சரியா எண்டு பாருங்க” என்றார். “ஐ ஆம் லுக்கிங் போர்வர்ட் போர் ஹியர் புரொம் யூ” என்றிருந்தது. ஒரே வரியில் இரண்டு பிழை. ஆனாலும் என்னைவிட நல்ல இடத்தில் நிற்கிறார். எக்ஸ்பெக்ட் என்று எழுதவில்லை.

தமிழில் ‘எதிர்பார்’ என்ற சொல் எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். கொழும்பிலிருந்து வரவேண்டிய லொறியை நான் எதிர்பார்க்கிறேன். லொறி புறப்பட்டுவிட்டது, மட்டக்களப்பைத் தாண்டிவிட்டது, நிச்சயம் வரும். இது இங்கிலீஷில் எக்ஸ்பெக்ட். சம்மாந்துறை விவசாயி ஒக்டோபர் மாதத்தில் மழையை எதிர்பார்க்கிறார். வரலாம், வராமலும் போகலாம். இது ஹோப். பஸ் நிலையத்தில் ஒருவர் அக்கரைப்பற்று பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கிறார். இது வெயிட். சின்னப் பிள்ளை பெருநாளை எதிர்பார்க்கிறது. வரப்போவது தெரியும், அதை நினைக்கும்போதே சந்தோஷம். இதுதான் லுக் போர்வர்ட் டு. எமக்கு ஒரு சொல், அவர்களுக்கு நான்கு. நாங்கள் ஒன்றிலேயே நான்கையும் விளங்கிக்கொள்கிறோம், ஏனென்றால் பேசுபவரின் முகம் எங்களுக்குத் தெரியும். கடிதத்துக்கு முகம் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘எதிர்’ என்றால் முன்னே, ‘பார்’ என்றால் பார். லுக் என்றால் பார், போர்வர்ட் என்றால் முன்னே. வாசலில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கும் உம்மாவின் பார்வைதான் இரண்டு சொல்லிலும் இருக்கிறது. அதாவது எமது சொல்லின் உண்மையான உடன்பிறப்பு லுக் போர்வர்ட் தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ‘எக்ஸ்பெக்ட் என்றால் எதிர்பார்’ என்று மனப்பாடம் செய்வித்தார்கள். அகராதியில் அது பிழையில்லை. கொட்டேஷனில்தான் பிழை.

எக்ஸ்பெக்ட் என்ற சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் அதைச் சொன்னால் கட்டளை. முதலாளி சிப்பந்தியிடம், “எட்டு மணிக்குக் கடையில் நிற்பாய் என்று எதிர்பார்க்கிறேன்” என்றால் அது வேண்டுகோளா? வாங்குபவருக்கு விற்பவர் அப்படி எழுதினால், “நீ யார் எனக்குச் சொல்ல?” என்று அவர் நினைப்பதில் ஆச்சரியமில்லை. இன்னுமொன்று. “ஐ ஆம் எக்ஸ்பெக்டிங்” என்று மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடாதீர்கள். இங்கிலீஷில் அதற்குப் பொருள் கர்ப்பமாக இருக்கிறேன் என்பது. எனக்குத் தெரிந்த ஒரு ஹாஜியார் வெளிநாட்டுக்கு அப்படி அனுப்பி, வாழ்த்துச் செய்தி பெற்றுக்கொண்டார்.

இனி, மருதமுனைத் தம்பியின் இரண்டு பிழைகளுக்கு வருவோம். முதலாவது, ‘டு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘போர்’. இது எங்கிருந்து வருகிறதென்றால் ‘வெயிட்டிங் போர்’ என்பதிலிருந்து. காத்திருப்பதற்குப் போர் வரும், ஆகவே எதிர்பார்ப்பதற்கும் போர் வரும் என்று கை தானாக எழுதிவிடுகிறது. வராது. லுக் போர்வர்ட் என்றால் அதன் பின்னால் டு மட்டும்தான். ‘லுக்கிங் போர்’ என்று போர்வர்டை விட்டுவிட்டால் தேடுகிறேன் என்றாகிவிடும். தொலைந்துபோன சாமானைத் தேடுவதுபோல.

இரண்டாவது பிழை ‘ஹியர்’. அது ‘ஹியரிங்’ என்று இருக்க வேண்டும். இதைத்தான் படித்தவர்களும் பிழையாக எழுதுகிறார்கள். பட்டதாரிகள் அனுப்பும் வேலை விண்ணப்பங்களிலும் பார்த்திருக்கிறேன். காரணம் மிக எளிது. டு என்ற சொல்லுக்கு அடுத்து வினைச்சொல்லின் வெறும் உருவம்தான் வரும் என்று நாங்கள் படித்திருக்கிறோம். டு கோ, டு கம், டு ஈட். அந்த விதி உண்மைதான். ஆனால் டு என்பது ஒரு ஆள் அல்ல, ஒரே பெயரில் இரண்டு ஆட்கள்.

எங்கள் மொழியிலேயே பாருங்கள். “கல்முனைக்குப் போகிறேன்” என்பதில் ஒரு ‘க்கு’ இருக்கிறது. “சாப்பிட விரும்புகிறேன்” என்பதில் ‘சாப்பிட’ என்று வருகிறது, அங்கே ‘க்கு’ கிடையாது. தமிழில் இரண்டும் வேறு வேறு. இங்கிலீஷில் இரண்டுக்கும் டு. லுக் போர்வர்ட் டு என்பதிலுள்ள டு, கல்முனைக்குப் போகும் டு. ‘க்கு’ என்ற உருபு பெயர்ச்சொல்லோடுதான் ஒட்டும். கல்முனைக்கு, கடைக்கு, பதிலுக்கு. வினைச்சொல்லோடு ஒட்டவேண்டுமானால் அந்த வினையை முதலில் பெயராக்க வேண்டும். ‘சாப்பிடு’ என்பதை ‘சாப்பிடுவது’ என்று மாற்றினால்தான் ‘சாப்பிடுவதற்கு’ என்று சொல்ல முடியும். ஹியர் என்பதை ஹியரிங் என்று மாற்றுவதும் அதே வேலைதான்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. டு வுக்குப் பிறகு ஒரு பொருளின் பெயரை வைத்துப் பாருங்கள். “ஐ லுக் போர்வர்ட் டு யுவர் ரிப்ளை.” ஒட்டுகிறது. ஆகவே வினைச்சொல் போட்டால் ஐ.என்.ஜி. சேர்க்க வேண்டும். “ஐ வோன்ட் டு” என்பதற்குப் பிறகு “டீ” என்று வைத்துப் பாருங்கள். ஒட்டாது, ஆகவே அங்கே வெறும் வினைச்சொல். இந்தச் சோதனை வேறு இடங்களிலும் உதவும். “வி ஆர் கமிட்டட் டு சப்ளையிங்” என்று கொம்பனிகள் எழுதுவதும், “ஐ ஆம் யூஸ்ட் டு வேர்க்கிங்” என்று வேலைக்கு வருபவர் எழுதுவதும் இதே காரணத்தினால்தான். ஆனால் அது அந்தப் பாடத்தின் அடுத்த பக்கம். எமக்குக் கடைசி வரி போதும்.

அந்த வரியை மூன்று விதமாக எழுதலாம். “ஐ லுக் போர்வர்ட் டு ஹியரிங் புரொம் யூ” என்றால் கோட் போட்ட மரியாதை. முதன்முதலில் எழுதும் ஆளுக்கு, வங்கிக்கு, அரச அலுவலகத்துக்கு இது. “ஐ ஆம் லுக்கிங் போர்வர்ட்” என்றால் கொஞ்சம் நெருக்கம். “லுக்கிங் போர்வர்ட் டு...” என்று ‘ஐ’ யை வெட்டிவிட்டு எழுதுவது வட்ஸ்அப்புக்கும் பழகியவருக்கும். கடையின் பெயரில் எழுதும்போது ‘ஐ’ க்குப் பதிலாக ‘வி’. ‘வி’ என்று தொடங்கி நடுவில் ‘மை’ என்று எழுதும் வழக்கம் எம்மில் பலரிடம் இருக்கிறது, அதையும் கவனிக்க வேண்டும்.

என் வாப்பாவின் காலத்தில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. கச்சேரி வாசலிலும் கோட்டு வாசலிலும் பெட்டிஷன் எழுதுபவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் தயாரான வசனங்கள் இருந்தன. “அவெய்ட்டிங் யுவர் பேவரபிள் ரிப்ளை” என்று தொடங்கி, “ஐ பெக் டு ரிமெய்ன், சேர், யுவர் ஒபீடியன்ட் சேர்வன்ட்” என்று முடியும். உங்களது பணிவான ஊழியனாக இருக்க இரந்து நிற்கிறேன் என்று பொருள். வெள்ளைக்காரத் துரைக்கு எழுதிய வசனம், துரை போன பிறகும் கிராம சேவகருக்கு எழுதப்பட்டது. இன்றும் சிலர் ‘அவெய்ட்டிங்’ என்று எழுதுகிறார்கள். பிழையில்லை, விறைப்பு. பழைய அல்மாரிக் கோட் போல. ‘தேங்கிங் யூ இன் அன்டிசிபேஷன்’ என்பதும் அந்த அல்மாரியிலிருந்து வந்ததுதான். செய்வதற்கு முன்பே நன்றி சொல்லிவிட்டால், மறுக்க முடியாதபடி ஆளைக் கட்டிப்போடுவது போல இருக்கிறது என்று அதை விரும்பாதவர்கள் பலர். எனக்கும் அது பிடிப்பதில்லை. ஒருவன் எனது கடைக்குள் வரும்போதே, “கடன் தந்ததற்கு நன்றி” என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

பெட்டிஷன்காரர்களுக்குப் பிறகு வந்த தலைமுறைக்கு இரண்டும் இல்லை. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தைப் பற்றி நாங்கள் பேசும்போது சிங்களத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடங்களிலிருந்து இங்கிலீஷ் மொழிமூலமும் படிப்படியாகப் போனது. நான் படித்த எழுபதுகள், எண்பதுகளில் இங்கிலீஷ் என்பது வாரத்தில் சில பாடவேளை. ஆசிரியர் இல்லாத தவணையும் இருந்தது. இங்கிலீஷ் தெரிந்தவர் உத்தியோகத்துக்குப் போனார், தெரியாதவர் கடைக்கு வந்தார். இப்போது கடைக்குத்தான் அது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

2009ஐ அரசாங்கம் இங்கிலீஷுக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்தது நினைவிருக்கலாம். எமது வழியில் இங்கிலீஷ் பேசுவோம் என்பது அன்றைய கோஷம். பிழையாகப் பேசினாலும் வெட்கப்படாமல் பேசு என்பது அதன் உட்கருத்து. 2007இல் இலங்கை இங்கிலீஷுக்கென்றே மைக்கல் மெய்லர் ஓர் அகராதி வெளியிட்டார். இலங்கையர் பேசும் இங்கிலீஷுக்கும் ஒரு தனித்தன்மை உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட வேலை அது. பேச்சுக்கு இவற்றோடு எனக்கு முழு உடன்பாடு. சந்தையில் நின்று வெள்ளைக்காரனோடு பேசும்போது போர் வந்தாலென்ன, டு வந்தாலென்ன? சிரித்தால் முடிந்தது. கடிதம் அப்படியல்ல. அது உங்களைத் தெரியாத ஒருவரின் மேசைக்குப் போகிறது, கோப்பில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு ஈமெயிலும் தாளில் எழுதியதைப் போலவே சட்ட வலு உள்ள ஆவணம். விளையாட்டாகத் தட்டுவதற்கில்லை.

சரியாக எழுதப் பழகியவர்கள் எல்லா இடத்திலும் அதை ஒட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அதுவும் ஆபத்து. லுக் போர்வர்ட் டு என்பது சந்தோஷமான விஷயத்துக்கு. கொழும்பு வாடிக்கையாளர் ஒருவரின் தகப்பன் மௌத்தான செய்தி கேட்டு எங்களூர் வியாபாரி ஒருவர் அனுதாபக் கடிதம் அனுப்பினார். கம்பியூட்டரில் இருந்த பழைய கடிதத்தைத் திருத்தி எழுதியதால், கடைசியில் “உங்களோடு தொடர்ந்து வியாபாரம் செய்வதை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்” என்ற வரியும் சேர்ந்து போய்விட்டது. பழுதான சாமானைப் பற்றி முறைப்பாடு செய்பவருக்கும் அந்த வரி வேண்டாம். அவரது அடுத்த முறைப்பாட்டுக்காக நாங்கள் ஆவலோடு இருக்கிறோம் என்று அவர் எடுத்துக்கொள்வார்.

ஆனால் கடன் கேட்பதற்கு அதைப்போல ஒரு வசனம் கிடையாது. “வி லுக் போர்வர்ட் டு ரிஸீவிங் யுவர் பேமன்ட்” என்று எழுதி, பக்கத்தில் ஒரு திகதியைப் போட்டுப் பாருங்கள். வாயில் சீனி, கையில் பிரம்பு. ஏசவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. இங்கிலீஷ்காரர்கள் கடன் வசூலிப்பதற்காகவே இதைக் கண்டுபிடித்தார்களோ என்று சில நேரம் நினைப்பதுண்டு.

எமக்கு இன்னொரு சொல்லும் இருக்கிறது. வரப்போகும் எதைப் பற்றிப் பேசினாலும் இன்ஷா அல்லாஹ் சேர்க்கிறோம். கட்டாரிலும் சவூதியிலும் உள்ள வாடிக்கையாளருக்கு இங்கிலீஷ் கடிதத்தில் அதை எழுதினாலும் விளங்கும், பொருத்தமாகவும் இருக்கும். மற்றவர்களுக்கு எழுதும்போது உள்ளத்தில் சொல்லிக்கொண்டு, கடிதத்தில் திகதியைத் தெளிவாகப் போடுவதே நல்லது. நாளைக்குத் தர எண்ணமில்லாதவரும் அதே வார்த்தையைச் சொல்லித் தவணை வாங்கும் பழக்கத்தை எமது பஸாரிலேயே பார்க்கிறோம். அதற்கு இங்கிலீஷ் காரணமல்ல.

இப்போதெல்லாம் இயந்திரமே கடிதம் எழுதித் தருகிறதே என்று என் மருமகன் கேட்கிறார். உண்மைதான். முதல் இரண்டு எழுத்தைத் தட்டினால் மீதி வசனத்தை ஈமெயில் தானே நிரப்புகிறது. டு வும் ஐ.என்.ஜி. யும் பிழைக்காது. ஆனால் தமிழில் ‘எதிர்பார்க்கிறோம்’ என்று போட்டு மொழிபெயர்க்கச் சொன்னேன். ஒரு தடவை லுக் போர்வர்ட் என்றது. சொற்களைக் கொஞ்சம் மாற்றிப் போட்டபோது எக்ஸ்பெக்ட் என்றது. எனது கடையின் கதை அதற்குத் தெரியாதல்லவா? 2005இல் கொமியூனிகேஷன் கடைத் தம்பிக்கும் தெரியவில்லை.

அந்த வேறுபாடு எனக்குக் கடைசியாகக் கைகொடுத்தது 2022இல். குஜராத்தின் ராஜ்கோட்டிலுள்ள ஒரு கொம்பனியிடமிருந்து தொண்ணூறு நாள் தவணைக்கு நீர்ப்பம்பிகள் எடுத்திருந்தேன். சாமான் வந்து இறங்கிய பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போனது. மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதமளவில் ஏறத்தாழ 360 ஆனது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கமே அறிவித்துவிட்டது. என்னிடம் ரூபாய் இருந்தது, வங்கியிடம் டொலர் இல்லை. ராஜ்கோட் காரருக்கு என்ன எழுதுவது?

மருமகன் எழுதிக் கொடுத்த கடிதத்தில், “ஜூன் மாத முடிவில் பணம் அனுப்புவதை எக்ஸ்பெக்ட் பண்ணுகிறோம்” என்றிருந்தது. வெட்டச் சொன்னேன். எக்ஸ்பெக்ட் என்று எழுதினால் எனக்கு ஏதோ ஆதாரம் இருக்கிறது என்று அவர் நினைப்பார். வங்கி உறுதி தந்திருக்கிறது என்று எண்ணி, தனக்குக் கொடுக்க வேண்டியவர்களுக்கு அவரும் நாள் சொல்லுவார். ஜூனில் பணம் போகாவிட்டால் நான் பொய்யன். இதில் லுக் போர்வர்டும் எழுத முடியாது. கடன்பட்டவன் ஆவலோடு இருக்கிறேன் என்றால் கேலியாகும். “ஹோப்” என்று எழுதச் சொன்னேன். அதற்கு மேலே, வங்கியில் ரூபாயாக முழுத் தொகையும் கட்டியிருக்கிறேன் என்பதற்கான சிட்டையையும், டொலர் கிடைத்த அன்றே அனுப்புவோம் என்ற வரியையும் சேர்த்தோம். மருமகனுக்கு அது பலவீனமான கடிதமாகத் தெரிந்தது.

பணம் போய்ச் சேர ஒக்டோபர் மாதமாகிவிட்டது. நான்கு மாதம் அந்த மனிதர் ஒரு கடுஞ்சொல் எழுதவில்லை. இடையில் ஜூலை மாதம் அவரிடமிருந்து வந்தது ஒரேயொரு சிறிய ஈமெயில். உங்கள் நாட்டுச் செய்திகளைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம், குடும்பத்தில் எல்லோரும் சுகமா, பெற்றோல் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கடைசியில் எழுதியிருந்தார்: “லுக்கிங் போர்வர்ட் போர் யுவர் பேமன்ட்.”

போர் பிழை. மருமகன் சுட்டிக்காட்டிச் சிரித்தார். பதிலில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.